நீண்ட இடைவெளிக்குப் பிறகு மறுபடி வரைய வருகிறவர்கள் பேனாவில் தொடங்குவதா, வண்ணத்திலா?

மைக்கூடு | 4 ஜூன், காலை 6.40

ஐம்பது அறுபது வயதில் மறுபடி வரைய உட்காருகிறவர்கள் முதலில் செய்யும் காரியம், 24 டியூப் உள்ள வண்ணப் பெட்டி ஒன்றை வாங்குவது. என் கட்சி: முதல் மூன்று மாதம் வண்ணத்தைத் தொடவே கூடாது. கருப்பு மை, ஒரு பேனா, ஏ5 அளவில் ஒரு நோட்டு. போதும்.

சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை. இருபது முப்பது வருஷ இடைவெளியில் வண்ணக் கலப்பு அவ்வளவாக மறப்பதில்லை. அளவெடுக்கும் பழக்கம்தான் போய்விடும். தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, தோள் எத்தனை தலை அகலம், இரண்டு பொருளுக்கு நடுவே உள்ள வெற்றிடம் என்ன வடிவம் என்று கண் பார்த்துக் கைக்குச் சொல்ல வேண்டும். வண்ணம் போட்டால் இந்தக் குறை அடியில் ஒளிந்துகொள்ளும். மையில் ஒளிய இடமில்லை.

பென்சிலும் வேண்டாம். பென்சில் வந்தால் ரப்பர் வரும், ரப்பர் வந்தால் ஒரே மூக்கை அரை மணி நேரம் அழித்துக்கொண்டிருப்போம்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். கைப்பழக்கம் பற்றிய அந்தப் பழைய வரியை மட்டும் யாரும் எடுக்க வேண்டாம்.

நீர்க்கரை | 4 ஜூன், காலை 9.15

பாதி சரி. பென்சிலை ஒதுக்குவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கையில் லேசாக நடுக்கம் இருந்தால் மெல்லிய 0.1 முனைப் பேனா அதை ஒன்று விடாமல் காட்டிக்கொடுக்கும். ஆள் இரண்டாம் நாளே நோட்டை மூடிவிடுவார். 4பி பென்சிலைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிடித்தால் கோடு 3, 4 மில்லிமீட்டர் அகலத்தில் மென்மையாக விழும், நடுக்கம் அதில் கரைந்துபோகும். பென்சிலை வைத்துக்கொண்டு ரப்பரை மட்டும் அடுத்த அறையில் வைத்தால் மைக்கூடு சாரின் கவலையும் தீரும்.

இன்னொன்று. திரும்பி வருகிறவர்கள் வண்ணத்தால் தோற்பதில்லை, தாளால்தான் தோற்கிறார்கள். சாதாரண டிராயிங் நோட்டுத் தாள் 120 முதல் 150 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். அதில் ஈரம் பட்டதும் இழைகள் விரிந்து தாள் அலையலையாக எழும்பும், பள்ளத்தில் நீர் தேங்கும், தேங்கிய இடத்தில் கறை காயும். பார்க்கிறவர் "எனக்கு வாட்டர்கலர் வராது" என்று முடிவு கட்டிவிடுவார். 300 ஜி.எஸ்.எம். தாளை ஏ4 இல் பாதியாக வெட்டி நாலு பக்கமும் பலகையில் ஒட்டினாலே இந்தத் தொல்லை முக்கால்வாசி போய்விடும். வண்ணம் மலிவாக இருந்தாலும் தாள் நல்லதாக இருந்தால் படம் தேறும். இதைத் திருப்பிப் போட்டால் தேறாது.

பழைய பிரஷ் | 4 ஜூன், இரவு 8.50

புதுசா வாங்குறது இருக்கட்டும். பரணில் இருந்து இறக்கின பெட்டி ஒண்ணு இருக்கு. உள்ளே கல்லாப்போன வாட்டர்கலர் டியூப், சில அக்ரிலிக் டியூப், முடி விறைச்ச பிரஷ், ஓரம் பழுத்த தாள்கட்டு, அரை பாட்டில் இந்தியன் இங்க். எதைத் தூக்கிப் போடணும், எதை வச்சுக்கலாம்?

நீர்க்கரை | 5 ஜூன், காலை 7.05

வாட்டர்கலர் டியூப்பைப் போடாதீங்க. வண்ணப் பொடியைச் சேர்த்துப் பிடித்திருப்பது கருவேல வகைப் பிசின். அது எத்தனை தடவை காய்ந்தாலும் நீரில் திரும்பக் கரையும். டியூப்பை நீளவாக்கில் பிளேடால் கீறி, கட்டியை எடுத்துச் சின்ன மூடி ஒன்றில் அழுத்தி, மேலே நாலு சொட்டு நீர் விட்டு ராத்திரி முழுக்க மூடிவையுங்க. காலையில் உதிர்ந்து பொடியாக நின்றால் பிசின் போதவில்லை என்று அர்த்தம். கரைத்த பிசின் ஒரு சொட்டும் துளி கிளிசரினும் சேர்த்துப் பிசையலாம். பூஞ்சை வாடை அடித்தால் தயங்காமல் குப்பைக்கு.

அக்ரிலிக் இறுகிவிட்டால் அவ்வளவுதான். அது காய்ந்தபின் பிளாஸ்டிக். நீர் தொட்டும் பயனில்லை.

பிரஷில் இறுகியிருப்பது அக்ரிலிக் என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் முடி மட்டும் நனையும்படி தொங்கவிடுங்க. தகரப் பூணுக்கு மேலே ஏறினால் உள்ளே இருக்கும் பசையும் கழன்றுவிடும். சில மணி நேரம் கழித்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் அடியிலிருந்து நுனி நோக்கிச் சீவி, சோப்பு போட்டு அலசுங்க. செயற்கை முடி வளைந்து கிடந்தால் நல்ல வெந்நீரில் சில வினாடி முக்கி விரலால் கூர்மைப்படுத்தினால் பெரும்பாலும் நிமிரும். கொதிக்கிற நீர் வேண்டாம். கழுவிய பிரஷைக் குவளையில் நட்டு நிறுத்தாதீங்க, நீர் பூணுக்குள் இறங்கி மரம் ஊறி, வார்னிஷ் வெடித்து, தலை ஆட ஆரம்பிக்கும். படுக்கவைத்துக் காயவிட்டுப் பிறகு நிறுத்துங்க.

தாளைச் சோதிப்பது சுலபம். ஓரத்தில் ஒரு துண்டு கிழித்து வெளிர் நீலத்தில் ஒரு பட்டை இழுங்க. தேமல் மாதிரி ஆங்காங்கே அடர்ந்த புள்ளிகள் வந்தால், தாளில் ஏற்றியிருந்த ஜெலட்டின் ஈரக்காற்றில் கெட்டுவிட்டது. அந்த இடங்களில் தாள் வண்ணத்தை உறிஞ்சிக் குடிக்கும். பென்சில், பாஸ்டல் வரைய அதே தாள் தாராளம். காப்பாற்றியே ஆகணும் என்றால் அரை லிட்டர் வெந்நீரில் 15 கிராம் ஜெலட்டின் கரைத்து, இளஞ்சூட்டில் அகலப் பிரஷால் ஒரு பூச்சு பூசிக் காயவிடலாம். முன்பிருந்த சீரான தன்மை முழுசாகத் திரும்பாது.

இங்க் பாட்டில் மைக்கூடு சார் இலாகா.

மைக்கூடு | 5 ஜூன், காலை 7.40

நன்றாகக் குலுக்கி வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு வையுங்கள். சீராகக் கருத்தால் நல்லது. திட்டுத்திட்டாக, சாம்பல் விளிம்போடு பரவினால் உள்ளே உள்ள அரக்கு திரிந்துவிட்டது, வடிகட்டினாலும் சரிவராது. நல்ல மையாகவே இருந்தாலும் இதை ஊற்றுப் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே காய்ந்தால் அந்தப் பேனா கதை முடிந்தது. தொட்டு எழுதும் நிப்புக்கும் பிரஷுக்கும் மட்டும்தான்.

நிப்பு புதிது என்றால் மை முத்து முத்தாக ஒதுங்கி நிற்கும். துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய்தான் காரணம். பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு, இரண்டு விரல், ஒரு துணி, முடிந்தது. தீக்குச்சியில் காட்டச் சொல்வார்கள். அதிகம் சூடேறினால் எஃகின் துள்ளல் போய், அழுத்தினால் விரிந்தபடியே நின்றுவிடும்.

முதுகில் உள்ள துளை நனையும் அளவுக்கு முக்கி, பாட்டில் விளிம்பில் ஒரு தட்டு தட்டுங்கள். கோட்டை உங்களை நோக்கி இழுங்கள், தள்ளாதீர்கள். தள்ளினால் முனை தாளின் இழையில் சிக்கி மை தெறிக்கும். வளைவு வந்தால் தாளைத்தான் திருப்ப வேண்டும், மணிக்கட்டை அல்ல. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஈரத்துணியில் துடையுங்கள். சொரசொரப்பான வாட்டர்கலர் தாள் நிப்புக்கு எதிரி. வழுவழுப்பான பிரிஸ்டல் அட்டை அல்லது ஹாட் பிரஸ் தாள் எடுங்கள்.

எண்ணெய்ச்சட்டி | 5 ஜூன், மதியம் 1.20

நடுக்கம் நடுக்கம்னு சொல்லாதீங்க அண்ணே. "உயிருள்ள கோடு"ன்னு சொல்லுங்க. விமர்சகர்கள் எழுதுறப்போ அப்படித்தான் எழுதுறாங்க.

கட்டம் | 5 ஜூன், இரவு 10.30

நக்கல் இருக்கட்டும், இரண்டு வகைக் கோணலைப் பிரித்துப் பார்க்கணும். கோடு நெடுகிலும் ஒரே சீரான இடைவெளியில் அலை வந்தால் அது கையின் நடுக்கம். கோடு துண்டு துண்டாக, முடி முடியாக, ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் அது தயக்கம். வைத்தியம் வேறு வேறு.

தயக்கத்துக்கு: தொடங்கும் புள்ளியும் முடியும் புள்ளியும் வையுங்க. பேனா தாளில் படாமல் அந்தப் பாதையில் மூன்று முறை கையை ஓட்டுங்க. நாலாவது முறை தாளில் இறக்குங்க. கண் பேனா முனையில் இருக்கக் கூடாது, முடியும் புள்ளியில் இருக்கணும். ஒரு பக்கத்துக்கு ஐம்பது கோடு, தினம் ஒரு பக்கம்.

நடுக்கத்துக்கு: மெதுவாக இழுத்தால் கூடும், கொஞ்சம் வேகமாக இழுத்தால் குறையும். 10 செ.மீ.க்கு மேற்பட்ட கோட்டை விரலால் இழுக்கக் கூடாது, தோளில் இருந்து முழுக்கையும் நகரணும். நுண்ணிய இடத்தில் சுண்டுவிரலைத் தாளில் ஊன்றிக்கொள்ளுங்க. படம் ஈரமாக இருந்தால், நுனியில் துணிப்பந்து கட்டிய குச்சி ஒன்றைப் பலகையின் விளிம்பில் சாய்த்து அதன்மேல் கையை வைக்கலாம். கட்டைவிரல் அடிமூட்டு வலித்தால் பென்சில் தடிமன் போதவில்லை. 7 மி.மீ. பென்சிலுக்குப் பஞ்சுக்குழாய் மாட்டி 12, 15 மி.மீ. ஆக்கினால் இறுக்கிப் பிடிக்கும் தேவை குறையும். நடுக்கம் புதுசாக வந்ததாகவோ கூடிக்கொண்டே போவதாகவோ இருந்தால் மருத்துவரைப் பாருங்க, இங்கே கேட்காதீங்க.

இதைவிடப் பெரிய விஷயம் கண்ணாடி. ஒரே வில்லையில் தூரமும் கிட்டவும் சேர்ந்த புரோகிரஸிவ் கண்ணாடியில் கிட்டப் பார்க்கும் பகுதி அடியில் குறுகலாகத்தான் இருக்கும், ஓரத்தில் நேர்கோடு வளையும். பெரிய தாளில் வரைகிறவர் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலியோடு எழுந்திருப்பார். கண்ணில் இருந்து பலகைக்கு எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்து (பெரும்பாலும் 50, 60 செ.மீ. வரும்) அந்தத் தூரத்துக்கு மட்டும் தனிக் கண்ணாடி எழுதித்தரச் சொல்லுங்க. படிக்கிற கண்ணாடி வேலைக்காகாது, அது 35, 40 செ.மீ.க்கு.

கட்டம் | 5 ஜூன், இரவு 10.55

விட்டுப்போனது: பலகையை 20, 30 டிகிரி சாய்த்து வையுங்க. தாள் மேசையில் தட்டையாகக் கிடந்தால் அதன் மேல்பாதி கண்ணுக்குச் சுருங்கித் தெரியும், கை அதை ஈடுகட்ட மேலே நீட்டி வரையும். எடுத்து நிறுத்திப் பார்த்தால் எல்லோருக்கும் நெற்றி வாழைப்பூ மாதிரி நீண்டிருக்கும்.

பழைய பிரஷ் | 6 ஜூன், காலை 6.30

வண்ணமே மாறித் தெரியுது என்பதும் உண்மையா? கருநீலமும் கருப்பும் பிரிச்சறிய முடியலை.

நீர்க்கரை | 6 ஜூன், காலை 8.10

உண்மை. வயதானால் கண்ணின் வில்லை மஞ்சளாகும், நீலமும் ஊதாவும் அதில் வடிகட்டப்பட்டு மங்கும். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்குக் கண்புரை முற்றிய காலத்து ஓவியங்களில் செம்பழுப்பு ஏறியிருப்பதற்கு இதைத்தான் காரணம் சொல்வார்கள். அவருக்கு அறுவை நடந்தது 1923 இல். அறுவை முடிந்தவர்களுக்கு எல்லாமே நீலம் கூடித் தெரியும், முன்பு வரைந்தவை பழுப்படித்துத் தோன்றும். அந்த வேகத்தில் பழைய படங்களைத் திருத்த உட்காராதீங்க. கண் பழகக் கொஞ்ச நாள் கொடுங்க.

நடைமுறை வழி: தட்டில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் நிரந்தர இடம். மஞ்சள் இடது கோடி, நீலம் வலது கோடி, ஒருநாளும் மாற்றக் கூடாது. கண் ஏமாந்தாலும் கை சரியான குழிக்குப் போகும். விளக்கு 4000 முதல் 5000 கெல்வின், சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கான எண்) 90 க்கு மேல். வலது கைக்காரருக்கு இடது மேற்புறத்தில் இருந்து வெளிச்சம் விழணும், இல்லாவிட்டால் கோடு போடும் இடத்திலேயே கையின் நிழல் நிற்கும்.

மைக்கூடு | 7 ஜூன், காலை 6.20

பென்சில் விஷயத்தில் நீர்க்கரை அம்மா சொன்ன ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. வெளிர் நீலப் பென்சில். மேலே மை போட்டபின் அழிக்கத் தேவையில்லை, ஸ்கேன் செய்யும்போது சிவப்பு சேனலை (படத்தின் சிவப்பு ஒளிப் பதிவை) மட்டும் வைத்துக்கொண்டால் நீலம் மறைந்துவிடும்.

கட்டம் | 7 ஜூன், காலை 7.00

தலைகீழ் சார். நீல சேனலை வைத்துக்கொள்ளணும். வெளிர் நீலம் நீல ஒளியை அப்படியே திருப்பி அனுப்புவதால் அந்த சேனலில் வெள்ளைத்தாளோடு தாளாகிவிடும். சிவப்பு சேனலில்தான் அது கருத்துத் தெரியும். சிவப்புப் பென்சிலில் வரைந்தால் சிவப்பு சேனல்.

எண்ணெய்ச்சட்டி | 7 ஜூன், காலை 7.45

சாருக்கு மை இருந்தா போதும், சேனல் எதுக்கு!

நீர்க்கரை | 8 ஜூன், மாலை 4.00

வண்ணத்துக்கு வருவோம். 24 டியூப் வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். மூன்று போதும், ஆனால் எந்த மூன்று என்பது பெயரைப் பார்த்துத் தெரியாது. டியூப்பின் பின்னால் நிறமிக் குறியீடு இருக்கும், அதைப் படிங்க. பி.ஒய். 154 மஞ்சள், பி.வி. 19 ரோஜாச் சிவப்பு, பி.பி. 29 அல்ட்ராமரீன் நீலம். மூன்றுமே ஒற்றை நிறமி, மூன்றும் வெளிச்சத்துக்குத் தாங்கும். நாலாவதாக ஒன்று கேட்டால் பி.பிஆர். 7, பர்ன்ட் சியன்னா. அதையும் அல்ட்ராமரீனையும் கலந்தால் சூடான பழுப்பில் தொடங்கி ஏறக்குறைய கருப்பு வரை எல்லாச் சாம்பலும் கிடைக்கும். கருப்பு டியூப் வேண்டியதில்லை.

வண்ணம் சேறாகிறது என்று புலம்புகிறவர்களின் டியூப்பைத் திருப்பிப் பாருங்க, ஒரே டியூப்பில் மூன்று நிறமி இருக்கும். இப்படி இரண்டு டியூப்பைக் கலந்தால் ஆறு நிறமி. சேறாகாமல் என்ன செய்யும்?

சமதளப் பூச்சு போடும் முறை. ஏ4 அளவுக்குப் பட்டாணி அளவு வண்ணம், 10 மி.லி. நீர். தேவைக்கு மேல் இரண்டு மடங்கு கலந்துவைங்க, பாதியில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி வராது. பலகை 15 டிகிரி சாய்வு. பிரஷ் நிறைய எடுத்து மேல் ஓரத்தில் ஒரு பட்டை இழுத்தால் அதன் அடிவிளிம்பில் ஈரம் ஒரு மணிவரிசை போலத் திரண்டு நிற்கும். அடுத்த பட்டை அந்த ஈரத்தைத் தொட்டுக்கொண்டே போகணும். கடைசியில் திரண்டதைப் பிழிந்த பிரஷால் உறிஞ்சி எடுங்க. பிறகு கை வைக்காதீங்க.

கை வைத்தால் என்ன ஆகும்? பூச்சு பாதி காய்ந்து பளபளப்பு மங்கும் நேரம் ஒன்று உண்டு. அப்போது அதைவிட ஈரமான பிரஷ் பட்டால் புது நீர் உள்ளே பாய்ந்து நிறமியைத் தள்ளிக்கொண்டு போய் விளிம்பில் சேர்க்கும். காலிஃபிளவர் வடிவத்தில் கறை விழும். விழுந்துவிட்டால் தேய்க்காமல் முழுசாகக் காயவிடுங்க. காய்ந்தபின் ஈரப் பிரஷால் விளிம்பை மட்டும் இளக்கி, காகிதத்தால் ஒற்றி எடுக்கலாம்.

காய்ந்ததும் வாட்டர்கலர் வெளிறும். ஆகவே ஈரத்தில் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தால்தான் சரி.

எண்ணெய்ச்சட்டி | 8 ஜூன், இரவு 9.30

அக்ரிலிக் நேர் எதிர். பால்போல இருக்கும் குழம்பு காய்ந்து தெளிவாவதால் நிறம் அடர்ந்துவிடும். கூவாஷ் (அடி தெரியாமல் மூடும் நீர்வண்ணம்) இன்னும் குறும்பு: அடர்நிறம் வெளிறும், வெளிர்நிறம் அடரும். முகம் வரையும்போது இது தெரியாமல் இரண்டாவது நாள் அதே நிறம் கலக்கப் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும். ஓரத்தில் ஒரு துண்டுத்தாளில் ஒவ்வொரு கலவையையும் தடவிக் காயவிட்டு, அந்தத் துண்டோடு ஒப்பிட்டுக் கலங்க.

எண்ணெய் வண்ணத்துக்கே திரும்ப நினைக்கிறவங்களுக்கு இரண்டு சேதி. ஒன்று, அடியில் எண்ணெய் குறைவு, மேலே போகப்போக எண்ணெய் கூடுதல். மாற்றிச் செய்தால் மேல்தோல் முதலில் இறுகி, அடி பிறகு நகர்ந்து, வெடிப்பு விழும். அக்ரிலிக் மேல் எண்ணெய் போடலாம், எண்ணெய் மேல் அக்ரிலிக் ஒட்டாது. இரண்டு, ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிக் கூடையில் போடாதீங்க. எண்ணெய் காற்றில் காயும்போது சூடு உண்டாகும், சுருளுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடணும், அல்லது நீர் நிரப்பிய மூடிபோட்ட தகரத்தில். இதில் மட்டும் நான் ஜோக் அடிக்கிறதில்லை.

மைக்கூடு | 10 ஜூன், காலை 6.15

யோசித்துப் பார்த்தால் பேனாவா வண்ணமா என்று நான் கேட்டதே பாதிக் கேள்விதான். நடுவில் வாஷ் இருக்கிறது, அதாவது நீர் கலந்த மெல்லிய பூச்சு. கருப்புக் கோடு, அதன்மேல் ஒரே நிறத்தில் இரண்டு அடர்த்தி. தாளின் வெள்ளையையும் கோட்டின் கருப்பையும் சேர்த்தால் நாலு தரம். பத்திரிகைப் படங்கள் நெடுங்காலம் இந்த நாலில்தான் வாழ்ந்தன. திரும்பி வருகிறவர் முதலில் மீட்க வேண்டியது ஒளி எங்கே, நிழல் எங்கே என்று பிரிக்கும் தீர்ப்பு. அதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

வரிசை: வெளிர் பென்சிலில் அமைப்பு. மேலே மை. மை காய அரை மணி நேரம், ஈரமான பருவத்தில் ஒரு மணி. ரப்பர் போடுவதானால் அதற்குப் பிறகு, பிசைகிற ரப்பரால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் கருப்பு சாம்பலாகும். அப்புறம் வெளிர் வாஷ் (மை ஒரு பங்கு, நீர் பதினைந்து பங்கு), வெள்ளையாக நிற்க வேண்டிய இடம் தவிர எல்லா இடத்திலும். காய்ந்தபின் அடர்வாஷ் (ஒன்றுக்கு நாலு), நிழலில் மட்டும். இந்தியன் இங்க் காய்ந்தால் திரும்ப இளகாது, போட்டது போட்டதுதான். பயமாக இருந்தால் வாஷுக்கு மட்டும் வாட்டர்கலர் சாம்பல்.

பேனாவின் உறையில் வாட்டர்புரூஃப் என்று இருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பசை அதிகம் ஏற்றிய தாளில் மை மேலேயே நின்று மெதுவாகக் காயும். வரையப்போகும் அதே தாளின் ஓரத்தில் ஒரு கோடு, அரை மணி காத்திருப்பு, ஈரப் பிரஷால் ஒரு இழுப்பு. கசிந்தால் தெரிந்துவிடும்.

பழைய பிரஷ் | 10 ஜூன், இரவு 9.10

கார்ட்டூன் பக்கம் யாருமே வரலையே. முகம் ஒத்துப்போகுது, ஆனா கேலிச்சித்திரமா ஆகலை. போட்டோ மாதிரியே வருது.

கட்டம் | 11 ஜூன், காலை 5.50

மூக்கு பெரிசு என்பதற்காக மூக்கைப் பெரிசாக்குவது கேலிச்சித்திரம் ஆகாது. உறுப்புகளுக்கு இடையே உள்ள தூரத்தைத்தான் இழுக்கணும். இரண்டு கண்ணையும் மூக்கு நுனியையும் சேர்த்து ஒரு டி வடிவம் போடுங்க. அந்த ஆளின் டி அகலமானதா, நெட்டையானதா? அகலம் என்றால் இன்னும் அகலமாக்குங்க, மூக்கை இன்னும் குட்டையாக்குங்க. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைத்தே ஆகணும். எல்லாவற்றையும் கூட்டினால் பெரிய தலைதான் மிஞ்சும். தலையின் மொத்த வடிவத்தை முதலில் ஒரே நிழலுருவாக நிரப்பிப் பாருங்க, முகமே இல்லாமல் ஆள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரே முகத்தைத் தபால்தலை அளவில் எட்டுத் தடவை, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள். அதில் மிக முரட்டுத்தனமானதை எடுத்து, அதைப் பார்த்தே பெரிசாக வரையுங்க. போட்டோவை மூடிவைங்க. திரும்பப் பார்த்தால் கை மறுபடி போட்டோவுக்கே போகும்.

இனி எழுத்து. தமிழில் கார்ட்டூன் போடுகிறவர்கள் வழுக்கும் இடம் வசனக் குமிழி. படத்தை முடித்துவிட்டு, மிச்சமான மூலையில் குமிழியைப் போட்டு, அதற்குள் எழுத்தைத் திணிப்பார்கள். வசனத்தை முதலில் எழுதணும், அதைச் சுற்றிக் குமிழி, அதற்குப் பிறகு ஆள். நம் சொற்கள் நீளம். "வந்துகொண்டிருக்கிறார்கள்" ஒரே சொல். வட்டக் குமிழிக்குள் அது அடங்காது, அகலமான தாழ்ந்த குமிழிதான் வேணும். மேலே ஈகாரச் சுழியும் கீழே ஊகாரக் காலும் தொங்குவதால் வரி இடைவெளியை நெருக்க முடியாது. 5 மி.மீ. எழுத்துக்கு 9, 10 மி.மீ. இடைவெளி விடுங்க. சொல்லை வரி முடிவில் உடைத்தால், மெய்யெழுத்தோ துணைக்காலோ அடுத்த வரியின் தொடக்கத்தில் வரக் கூடாது. வெட்டுமுனைப் பேனா வேண்டாம், நம் வளைவுகளில் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்துபோகும். உருண்டை முனை, 0.5 அல்லது 0.8.

கட்டம் | 11 ஜூன், காலை 6.05

புள்ளியை மறந்துவிட்டேனே. அச்சுக்கோ திரைக்கோ பாதியாகச் சுருக்கும்போது முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். "கல்" என்று எழுதியது "கல" என்று நிற்கும். மூல அளவில் புள்ளி 1 மி.மீ. இருக்கட்டும், எழுத்தின் தலையில் ஒட்டாமல் தனியாக நிற்கட்டும். கோட்டுக்கும் இதே கணக்குத்தான். அச்சாகும் அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிசாக வரையுங்க, 66 சதவீதத்துக்குச் சுருக்கினால் கையின் சின்னக் கோணல்கள் மறையும். ஆனால் 0.1 பேனாவில் நெருக்கமாகப் போட்ட குறுக்குக்கோடுகள் சுருங்கும்போது ஒன்றாகி அடைத்துக் கருப்புத் திட்டாகிவிடும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே கோட்டின் தடிமனைப்போல் இரண்டு மடங்கு வெள்ளை விடுங்க.

எண்ணெய்ச்சட்டி | 11 ஜூன், காலை 8.00

புள்ளி போனால் பொருளே போச்சு. அரசியல் கார்ட்டூனில் வழக்கே வரும்.

நீர்க்கரை | 13 ஜூன், மாலை 5.20

வெளுப்பு பற்றி யாரும் பேசவில்லை. பழைய பெட்டிகளில் அலிசரின் கிரிம்சன் என்று ஒரு சிவப்பு கட்டாயம் இருக்கும். குறியீடு பி.ஆர். 83. அழகான நிறம், ஆனால் மெல்லிய பூச்சில் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். அதன் இடத்துக்கு பி.வி. 19. ஒளிர்கிற ரோஜாநிற டியூப்புகள் இன்னும் மோசம். ஆல்கஹால் மார்க்கர்களில் இருப்பது பெரும்பாலும் சாயம், நிறமி அல்ல. மார்க்கரில் போட்ட கார்ட்டூனை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, மூலத்தை இருட்டில் வைங்க. சுவரில் மாட்டாதீங்க.

சந்தேகமான டியூப்புகளை எல்லாம் ஒரே தாளில் பட்டை பட்டையாகத் தடவி, பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் படும் சன்னல் கண்ணாடியில் மூன்று மாதம் ஒட்டிவைங்க. அட்டையை எடுத்தால் எது ஏமாற்றும் என்று தெரிந்துவிடும்.

பழைய பிரஷ் | 15 ஜூன், காலை 7.30

மை, வாஷ் இரண்டும் போட்டாச்சு. ஸ்கேன் பண்ணினா வெளிர் வாஷ் காணோம், அதுக்குப் பதிலா தாளின் சொரசொரப்பு தெரியுது. தாள் ஏ3, ஸ்கேனர் ஏ4.

கட்டம் | 15 ஜூன், காலை 8.15

ஸ்கேனர் "ஆவணம்" என்ற அமைப்பில் இருக்கும், அது வெளிர்நிறத்தை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். "போட்டோ" அமைப்புக்கு மாற்றி, தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் அணைத்து, கருப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் வண்ணத்திலேயே எடுங்க. வாஷ் உள்ள படத்துக்கு 300 டி.பி.ஐ. போதும், வெறும் கோடு என்றால் 600. பிறகு படம் திருத்தும் மென்பொருளின் லெவல்ஸில் வெள்ளைமுனையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, தாள் வெளுக்கும் இடத்தில் நிறுத்துங்க. வாஷின் விளிம்பு கரையத் தொடங்கினால் அதிகம் போய்விட்டீங்க.

ஏ3 தாளை இரண்டு பாதியாக எடுக்கும்போது நடுவில் கொஞ்சம் இரண்டிலும் வரும்படி வைங்க. இரண்டாவது பாதிக்காகத் தாளைத் தலைகீழாகத் திருப்பாதீங்க. ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்தில் இருந்து வருவதால் சொரசொரப்பின் நிழல் எதிர்த்திசையில் விழுந்து, ஒட்டு போட்ட இடம் அப்பட்டமாகத் தெரியும். மூடியைக் கழற்றிவிட்டுத் தாளை அதே திசையில் நகர்த்துங்க. மேலே கனமான ஒரு புத்தகம் வைத்தால் தாள் கண்ணாடியோடு ஒட்டி நிற்கும்.